பாவசங்கீர்த்தனத்தில் மூன்றாவது ஆள்

1871 ஜனவரி 29, ஞாயிறு

போன மழையில் நனைந்து பாதி வீணான ஆஸ்பத்திரிப் பதிவேடு ஒன்றை டாக்டர் துரை என் பக்கம் தள்ளி, மீதித் தாளை நீ வைத்துக்கொள் என்றார். அந்தமானுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை மற்றவர்களுக்காகத்தான் எழுதியிருக்கிறேன். இனி எனக்கும் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம்.

என் பெயர் சந்தியாகு. தஞ்சாவூர்ச் சீமைக்காரன். ஆயுள் முழுவதும் தீவாந்தரம். ஊரில் தாலுகா கச்சேரியில் நகல் எழுதியபோது கற்ற இங்கிலீஷ் இங்கே என்னைக் காட்டில் மரம் வெட்டாமல் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியில் எழுத்து வேலை. யார் வந்தான், என்ன நோய், நடந்து போனானா, தூக்கிக்கொண்டு போனார்களா என்று எழுத வேண்டும். என் வழக்கைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் ஜெபம் செய்துகொள்ள மரக்கொட்டகையைக் கொடுத்திருக்கிறார்கள். மணி அடித்தால் கலைந்துவிட வேண்டும். குருவானவர் கிடையாது. நான் வந்த நாளிலிருந்து இந்தத் தீவில் பூசை நடந்து பார்த்ததில்லை. என் அப்பா கோயில் உபதேசியார் என்பதால் ஜெபங்கள் எனக்கு மனப்பாடம். நான் தொடங்குவேன், மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். எல்லாரும் என்னை உபதேசியார் என்கிறார்கள். முதலில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

இன்று இருபத்தேழு பேர். சவேரியானும் வந்தான். உள்ளே வரவில்லை, வெளியே மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டான். யாரும் அவனோடு பேசவில்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

பெரிய செய்தி. பர்மாவின் மௌல்மீனிலிருந்து ஒரு குருவானவரை வரவழைக்க மனுப் போட்டால் மேலே தடை இருக்காது என்று டாக்டர் சொன்னார். கைதிகள் அடக்கமானவர்கள் என்று மனுவில் தெரிய வேண்டுமாம். ஜெபம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முப்பத்தொரு பெயர் ஆயிற்று. முப்பத்தொன்றாவது சவேரியான்.

மதலேனாள் எழுந்து நின்றாள். பெண்கள் கொட்டடியிலிருந்து வருகிற ஐந்து பேரில் மூத்தவள், திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக்காரி.

"அவன் பேரு இருந்தா என் பேரை எடுத்துருங்க உபதேசியாரே."

யாரும் மறுத்துப் பேசவில்லை. மீன்படகில் வேலை செய்கிற பஸ்கால் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது பெயரோடு மனு போயிற்று.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியருகே சவேரியான் கேட்டான். "அண்ணே, மனுவுல என் பேரு இருக்கா?"

தாளில் இடம் போதவில்லை என்றேன்.

"சரிண்ணே" என்று போனான்.

பிப்ரவரி 12, ஞாயிறு

இன்று மதலேனாள் ஜெபத்தின் நடுவில் அழுதுவிட்டாள். அவள் தம்பி எஸ்தாக்கியின் பிறந்தநாளாம். அவனைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

அக்காவைப் புருஷன் அடித்தே கொல்லப் பார்த்தான். அக்காவும் தம்பியும் சேர்ந்து அவனைத் தீர்த்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே கப்பல். எஸ்தாக்கிக்கு இருபத்தெட்டு வயது. சிரிக்கிறவன். காட்டு வேலையிலிருந்து வந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எனக்கு ஏதாவது கதை சொல்லாமல் போக மாட்டான்.

போன ஐப்பசியில் அவனும் இன்னும் இரண்டு பேரும் மூங்கிலைக் கட்டித் தெப்பம் செய்து, ஓடைக் கரையில் அலையாத்திப் புதருக்குள் ஒளித்து வைத்தார்கள். பர்மாக் கரைக்குப் போய்விடலாம் என்று எண்ணம். புறப்படுகிற அன்று விடியற்காலையில் காவலுக்குத் தலைவரான ஜமாதார் ஆட்களோடு அங்கே காத்திருந்தார். இரண்டு பேர் கையைத் தூக்கிவிட்டார்கள். எஸ்தாக்கி பயத்தில் ஓடைக்குள் குதித்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு சவேரியான் கிணற்றடியில் ஜமாதாரோடு தனியே பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மறு மாதமே அவனை டிண்டால் ஆக்கினார்கள், அதாவது கைதிகளை வேலை வாங்குகிற கைதி மேஸ்திரி. இதற்கு மேல் என்ன வேண்டும்? அடக்கத்தன்று எல்லாரும் கேட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன்.

தெப்பத்தைப் பற்றி எனக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது.

பிப்ரவரி 22, விபூதிப் புதன்

மந்திரித்த சாம்பல் இல்லை. ஆகவே ஜெபம் மட்டும். தபசு காலத்தில் மாமிசம் ஆகாது என்று நினைவூட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமிசத்தை எந்தக் காலத்தில் கண்டோம்?

பஸ்கால் மூன்று அயிலை மீன் கொண்டுவந்து ஆஸ்பத்திரி அடுப்பில் சுட்டுக் கொடுத்தார். ஐம்பது வயது, தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரர். முன்பு மரம் இழுத்துக்கொண்டிருந்தார். கார்த்திகையில் மீன்படகு வேலைக்கு மாற்றினார்கள். கடல்காரருக்குக் கடல் வேலை. நல்லதுதான். எஸ்தாக்கி பேச்சு வந்தது.

"அந்த மூங்கிலை வச்சுக்கிட்டு ஐப்பசிக் கடல்ல ஒரு பொழுது தாங்காது. மூணு பேரும் செத்துருவீங்கலேன்னு நான் கத்திச் சொன்னேன். கேட்டானா? கடலைத் தெரியாத பயலுவ."

"உங்களுக்குத் தெரியுமா முன்னாடியே?"

"தெப்பம் கெட்டுததுக்கு முடிச்சு எப்படிப் போடணும்னு என்கிட்டதான வந்து கேட்டான்."

மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார்.

மார்ச் 5, ஞாயிறு

மனுவுக்கு உத்தரவு வந்துவிட்டது. மாதக் கடைசிக் கப்பலில் குருவானவர் வருவார். நாலு நாள் தங்கலாம். கொட்டகையில் நான் படித்துக் காட்டியபோது சிலர் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் காதில் இறக்கி வைக்க ஒவ்வொருவனுக்கும் ஏதோ இருக்கிறது.

எனக்கும்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

பீடத்துக்கு மேஜை வேண்டும். கட்டுப் போடுகிற மேஜையைக் கொடுக்கிறேன் என்றார் டாக்டர். இரண்டு நாள் தேய்த்துக் கழுவினேன். ரத்தக் கறை ஒன்று போகவே இல்லை, துணி விரித்தால் மறைந்துவிடும்.

மார்ச் 28, செவ்வாய்

கப்பல் இல்லை.

மார்ச் 31, வெள்ளி

வந்துவிட்டார். மொரேல் சுவாமியார், பிரெஞ்சுக்காரர். நாற்பது வயதுதான் இருக்கும், தாடி முழுக்க நரை. படகிலிருந்து இறங்கும்போது தடுமாறினார். பஸ்கால் தோளைக் கொடுத்து இறக்கினார். சுவாமியாருக்குப் பர்மியப் பாஷை தெரியும், இங்கிலீஷ் தெரியும். தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாது.

"பாவசங்கீர்த்தனம் எப்படிக் கேட்பது?" என்று என்னையே கேட்டார். கொஞ்சம் யோசித்து, "நீ நடுவில் நிற்பாயா?" என்றார்.

அப்படி உண்டா என்றேன். சபையில் அதற்கு இடம் உண்டு என்றார்.

ஏப்ரல் 1, சனி

பஸ்கால் படகிலிருந்து கொண்டுவந்த பாய்ச்சீலையைக் கொட்டகையின் மூலையில் தொங்கவிட்டோம். சீலைக்கு அந்தப் பக்கம் சுவாமியாருக்கு நாற்காலி, இந்தப் பக்கம் பாவிக்கு முழங்காலிட இடம். நான் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். முகம் பார்க்கக் கூடாதாம். முகம் பார்க்காவிட்டால் என்ன, முப்பது பேரின் குரலும் எனக்குத் தெரியாதா?

தொடங்குமுன் சுவாமியார் சொன்னதை எல்லாருக்கும் தமிழில் சொன்னேன். நடுவில் ஆள் வைத்துப் பாவத்தைச் சொல்ல யாருக்கும் கட்டாயமில்லை. வேண்டாதவர்கள் வாய் திறக்காமல் நெஞ்சில் அறைந்து துக்கப்பட்டால் போதும், சர்வேசுரனுக்குத் தமிழ் தெரியும்.

பிறகு என்னைத் தனியே அழைத்தார். சுவிசேஷத்தின் மேல் கையை வைக்கச் சொன்னார்.

"இங்கே கேட்பது எனக்கு எப்படியோ உனக்கும் அப்படி. சொல்லக் கூடாது. எழுதக் கூடாது. கேட்டதை வைத்து ஒருவனைத் தண்டிக்கக் கூடாது, ஒதுக்கக் கூடாது. உன் உயிர் போனாலும் சரி. புரிகிறதா?"

புரிகிறது என்றேன். பாதிதான் புரிந்திருந்தது.

சிலர் நெஞ்சில் அறைந்துவிட்டுப் போனார்கள், சிலர் பேசினார்கள். யார் எது என்று எழுத மாட்டேன். எத்தனை தடவை என்று சுவாமியார் ஒவ்வொரு பாவத்துக்கும் கேட்பார். அதற்கு ஒருவர் சொன்ன பதிலில் எனக்குச் சிரிப்பு வந்து... இதையும் எழுதக் கூடாது.

வரிசையில் முன்னால் நின்றவர் பஸ்கால். பின்னால் வந்தவர்களை எல்லாம் "நீ போ, நீ போ" என்று முன்னே விட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் பார்த்தது அது. கடைசியில் அவர் மட்டும் மிச்சம். வெளியே போய் நின்றார். மறுபடி உள்ளே வந்தார்.

(இதற்குக் கீழே அரைப் பக்கம் எழுதினேன். கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.)

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

பூசை. ஆறு வருஷத்துக்குப் பிறகு. தென்னங்குருத்து பிடித்துக்கொண்டு நின்றோம். காவல் படையிலிருந்து ஐரிஷ்காரச் சோல்ஜர்கள் நாலு பேர் வந்து, துப்பாக்கியை வெளியே சாத்திவிட்டு எங்களோடு மண்ணில் முழங்காலிட்டார்கள். பூசை மணிச் சத்தம் கேட்டதும் மதலேனாள் வாய்விட்டு அழுதாள். நேற்றும் கொட்டகைக்குள் வராமல் வாசலில் நின்றே நெஞ்சில் அறைந்துகொண்ட சவேரியான் இன்றும் வெளியிலிருந்தே பார்த்தான். சுவாமியார் நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி அவனிடம் போனார். உள்ளே சலசலப்பு எழுந்தது.

நான் நற்கருணை வாங்கவில்லை. இன்னும் என் பாவசங்கீர்த்தனம் ஆகவில்லை. எல்லாரும் அதைக் கவனித்தார்கள்.

மத்தியானம் பஸ்கால் மீன் குழம்பு கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன். போன வாரம் எப்படிப் பேசினேனோ அப்படியே பேச வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினேன். "உப்பு சரியா இருக்கு" என்றேன். இரண்டு தடவை சொன்னேன் போலிருக்கிறது. அவர் எழுந்து போய்விட்டார்.

நெஞ்சில் அறைந்துவிட்டுப் போயிருக்கலாமே. ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கலாமே. எதற்காக என் காதில்?

ஏப்ரல் 3, திங்கள்

காலையில் சுவாமியாரிடம் போனேன். எனக்கு நடுவில் ஆள் வேண்டாம்.

இது என் பாவசங்கீர்த்தனம். இதை நான் எழுதலாம், கேட்டுத் தெரிந்துகொண்டேன். கொலையை முதலில் சொன்னேன். எங்கள் ஊர்த் திருநாளில் தேர் வடத்தை முதலில் தொடுவது எந்தத் தெரு என்று சண்டை. கையில் கிடைத்த மூங்கில் கழியால் அடித்தேன். செத்தவன் பெயர் செபஸ்தியான். என்னோடு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆறு வருஷத்தில் இன்றுதான் அந்தப் பெயரை வாயால் சொன்னேன்.

கொலையைச் சொல்லிவிட்டேன். அடுத்ததைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அதற்குத்தான் இங்கே யாரும் என்னைத் தண்டிக்கவில்லையே.

முன்னே பிப்ரவரி 12 அன்று எழுதியது பொய். தெப்பத்தைப் பற்றி எனக்குத் தெரியும். எஸ்தாக்கி என்னையும் கூப்பிட்டான். "நீங்க இங்கிலீஷ் பேசுவீங்க அண்ணே, அந்தக் கரையில உதவும், வாங்க" என்றான். பயந்து மறுத்தேன். போகாதே என்று தடுக்கவும் இல்லை. போனால் போகட்டும், பிழைத்தால் பிழைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அவனைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில்தான் கிடத்தினார்கள். பதிவேட்டில் நான்தான் எழுதினேன். அன்று எல்லாரும் யார் யார் என்று கேட்டபோது எனக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கிணற்றடியில் அவர்கள் பேசியது என் காதில் விழவில்லை. ஆனால் எல்லாம் கேட்டது போலச் சொன்னேன்.

சுவாமியாரிடம், "நான் சொன்னது பொய் என்று இப்போது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால்..." என்று ஆரம்பித்தேன்.

கையைத் தூக்கித் தடுத்தார். "நிறுத்து. அன்றைக்கு நீ சொன்னபோது அது உண்மை என்று நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னாய்."

"ஆமாம் சுவாமி."

"அது அன்றைக்கே பாவம். அதற்குப் பிறகு நீ எங்கே எதைக் கேட்டாய் என்பது இதில் வராது. உன் பாவத்தை நீ சொல்ல யாருடைய அனுமதி வேண்டும்?"

சுவாமியார் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

"அவன் செய்தானா செய்யவில்லையா என்று நீ சொல்லாதே. அதற்கு உனக்கு உரிமை இல்லை. நீ பொய் சொன்னாய் என்று சொல். யார் முன்னால் சொன்னாயோ அவர்கள் முன்னால். அதுதான் உனக்கு அபராதம்."

"ஜெபம் ஏதாவது...?"

"அதைச் செய்துவிட்டு ஜெபம் செய்."

ஏப்ரல் 4, செவ்வாய்

காலைப் பூசையில் நற்கருணை வாங்கினேன். சுவாமியார் புறப்பட்டார். மறுபடி எப்போது என்று கேட்டதற்குக் கப்பலைக் கைகாட்டினார். பஸ்காலின் படகு அவரைக் கப்பல் வரை கொண்டுபோய் விட்டது.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

இரண்டு ஜுர மரணம். நாளை பெரிய வெள்ளிக்குக் கொட்டகை திறக்க அனுமதி உண்டு.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

ஜெபம் தொடங்குமுன் சொல்லிவிட்டேன். எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் தாளைப் பார்க்காமலே சொன்னேன்.

"எஸ்தாக்கி அடக்கத்தன்னைக்கு சவேரியான்தான் காட்டிக்குடுத்தான்னு நான் சொன்னேன். அது எனக்குத் தெரியாது. அவங்க பேசினது ஒரு வார்த்தை கூட என் காதுல விழலை. கேட்ட மாதிரி பொய் சொன்னேன். தெப்பம் விஷயம் எனக்கும் முன்னாலயே தெரியும். என்னையும் கூப்பிட்டான். நான் போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அது வெளியில வந்துரக்கூடாதுன்னு அவன் மேல பழியைப் போட்டேன்."

யாரோ, "அப்போ அவன் செய்யலையா? யாரு செஞ்சா?" என்றார்கள். இன்னொருவன், "சாமியார்கிட்ட யாரோ சொல்லியிருக்கான். இவருதான நடுவுல நின்னாரு!" என்றான். முப்பது முகமும் என்னை விட்டு ஒன்றையொன்று பார்க்க ஆரம்பித்தன. அந்த நிமிஷத்தில் எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"நான் சொல்றது என் பாவம் ஒன்னுதான். வேற யாரைப் பத்தியும் நான் பேசலை, பேசவும் மாட்டேன்" என்றேன். "பொய் சொன்னவன் நான். என்னை என்ன வேணா பண்ணுங்க."

மதலேனாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அஞ்சு மாசமா ஒரு மனுசனை நாய் மாதிரி வெளியில உக்கார வச்சீங்களே. அவன் மொகத்துல நான் துப்புனேன் தெரியுமா? உங்க பேச்சை நம்பித் துப்புனேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என் தம்பி உங்களை அண்ணேன்னு கூப்பிட்டான்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இனி நான் ஜெபம் தொடங்க வேண்டாம் என்று முடிவாயிற்று. சவேரியான் எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டான். திரும்பி நடந்தான்.

ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என்னை யாரும் உபதேசியார் என்று கூப்பிடவில்லை. யாராவது தொடங்க வேண்டுமே என்று ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டு ஒருவழியாகத் தனித்தனியே சொல்லிக் கலைந்தோம். வயதில் மூத்தவர் என்று பஸ்காலைப் பிடித்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு முதல் அவர் தொடங்குவார்.

கேட்டதும் நான் தலையை ஆட்டினேன். நல்ல தேர்வு என்று சொன்னேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

சவேரியான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். மரக்கட்டை உருண்டு விரல் நசுங்கியிருந்தது. கட்டுப் போட்டேன்.

"சவேரியான், நான்..."

"அண்ணே, உங்களை மன்னிச்சேன்னு சொல்ல நான் வரலை. விரலு வலிக்குது, அதுக்கு வந்தேன்."

கட்டு முடிந்தது. எழுந்தபோது சொன்னான். "அன்னைக்கு கிணத்தடியில ஜமாதார்கிட்ட என்ன பேசினேன்னு நீங்க கேக்கவே இல்லையே. எங்க அம்மாவுக்கு ஒரு கடுதாசி போட உத்தரவு கேட்டேன். உங்களை விட்டு எழுதச் சொல்லலாம்னு இருந்தேன்."

"இப்ப எழுதட்டுமா?"

"இப்ப அம்மா இல்லை" என்றான்.

ஏப்ரல் 16, ஞாயிறு

இன்று நடந்தது முப்பது பேர் முன்னால் நடந்தது. ஆகவே எழுதலாம்.

பஸ்கால் முன்னால் போய் நின்றார். சிலுவை அடையாளம் போட்டார். வாயைத் திறந்தார். வரவில்லை. மறுபடியும் சிலுவை போட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்.

"அது தெரியும்லே" என்றார் பஸ்கால். பிறகு, "ஜமாதார்கிட்ட சொன்னது நான்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னார்.

"எஸ்தாக்கி தெப்பத்தை நான்தான் சொன்னேன். காசுக்கு இல்லை, படகு வேலைக்கும் இல்லை. அது பொறவு அவங்களா குடுத்தாவ, நான் வேண்டாம்னு சொல்லலை, அதுவும் தப்புதான். அந்தக் கடல்ல மூணு பேரும் போனா ஒருத்தன் மிஞ்ச மாட்டான்னு எனக்குத் தெரியும். தெப்பத்தைப் பிடுங்கிட்டு நாலு அடி போட்டு விட்டுருவாவ, உயிரோட கெடப்பானுவன்னு நெனச்சேன். ஓடையில குதிப்பான்னு நெனக்கலை. சாமியார்கிட்ட சொல்லிட்டேன். இந்த மனுசன் காதுல விழணும்னுதான் வாயால சொன்னேன்." என்னைக் கைகாட்டினார். "இவரு யார்கிட்டயாவது சொல்லிருவாரு, எல்லாரும் என்னைக் கொன்னுருவீங்க, அதோட முடியும்னு இருந்தேன். இவரு சொல்லலை. தன்னைத்தான் சொன்னாரு."

போன புதன்கிழமை படகுத்துறையில் அவர் என்னைப் பிடித்து நிறுத்தி, "அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார். "எனக்கு எதுவும் தெரியாது பஸ்கால்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதை இப்போதுதான் எழுத முடிகிறது.

இரண்டு பேர் எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார்கள். எஸ்தாக்கியோடு தெப்பம் கட்டியவன் ஒருவன். கையை ஓங்கியும் விட்டான். பஸ்கால் தடுக்கவில்லை.

சவேரியான் உள்ளே வந்தான். ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் கொட்டகைக்குள் கால் வைத்தான். ஓங்கிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"எனக்காக யாரும் அடிக்க வேண்டாம். அவரு அடிபட்டு நான் ஒன்னும் நிமிரப் போறதில்லை. மணி அடிச்சிருவான், ஜெபத்தை ஆரம்பிங்க."

யார் தொடங்குவது? பஸ்கால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பின்வரிசையில் இருந்தேன். எல்லாரும் மதலேனாளைப் பார்த்தார்கள். அவள் பஸ்காலிடம் போனாள். நான் எழுந்துவிட்டேன், என்ன செய்வாளோ என்று.

வெகு நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லாட்டி கடல்ல போயிருப்பான். சொன்னதால ஓடையில போனான்" என்றாள். "நாந்தான் அவனை இங்க கூட்டிட்டு வந்தேன். என் புருஷனைப் பிடிச்சுக்கடான்னு கூப்பிட்டது நாந்தான்."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பஸ்கால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவரை விட்டு நகர்ந்து, பீடத்துக்கு நேராக முழங்காலிட்டு, ஜெபமாலையின் முதல் ஜெபத்தைத் தானே தொடங்கினாள். ஊரில் ஒரு பெண் தொடங்கக் கேட்டதில்லை. யாரோ இருமினார்கள். பிறகு முதலில் சவேரியானும், அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராகவும் சேர்ந்து சொன்னோம். பஸ்காலின் குரல் கடைசியாக வந்தது.

ஜெபமாலையின் மூன்றாம் பத்து நடக்கும்போது கலைகிற மணி அடித்துவிட்டது. மதலேனாள் நிறுத்தவில்லை. சொல்லிக்கொண்டே எழுந்தாள், சொல்லிக்கொண்டே வெளியே நடந்தாள். நாங்களும் அவளுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே அவரவர் வேலைக்குப் போனோம். காவலர்கள் எங்களைத் தடுக்கவில்லை.